என் வலது கால் குணமானது பற்றி

அன்பும் அறிவும் பெரிய பதவியும் ஒருங்கே அமைந்த மைத்துனர் அவர்களுக்கு, உங்கள் அக்காவைக் கட்டிக்கொண்ட காரணத்தால் உங்களுக்கு அத்தானாகிப்போன நான் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் உங்கள் அக்காவும் நலம். அங்கு நீங்களும் உங்கள் மனைவியும் பையனும், உங்கள் கம்பெனியும், கம்பெனி விற்கிற கேமராக்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்று எழுதுவதற்குக் காரணம், போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை, மெசேஜ் அனுப்பினால் பதிலுக்கு ஒரு கட்டை விரலை அனுப்பி வைக்கிறீர்கள். ‘உங்கள் அக்காவுக்குக் காய்ச்சல்’ என்று அனுப்பினேன், கட்டை விரல் வந்தது. ‘என் வேலை போய்விடும்போல இருக்கிறது’ என்று அனுப்பினேன், அதற்கும் அதே விரல். அதனால்தான் காகிதமும் பேனாவும் வாங்கி உட்கார்ந்திருக்கிறேன். காகிதத்துக்கு விரலைக் காட்ட வேண்டுமானால் நீங்கள் நேரில்தான் வர வேண்டியிருக்கும்.

நிற்க. என் வலது கால் முழுவதும் குணமாகிவிட்டது என்பதை மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இதுவரை ‘நீங்கள்’ போட்டு எழுதியதிலேயே எனக்கு மூச்சு வாங்குகிறது. உன்னைத் தோளில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டவன் நான். இனி ‘நீ’ என்றே எழுதுகிறேன். பதவிக்குக் குறைச்சல் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்.

அந்தக் கால் எப்படிக் கெட்டது என்பதிலிருந்து தொடங்குவதுதான் முறை. நீ வீடு மாற்றினாய். கூலிக்கு ஆள் வைத்தால் புது ஃபிரிட்ஜில் கீறல் விழும் என்று என்னைக் கூப்பிட்டாய். “அத்தான், நீங்க கீழ புடிங்க, நான் மேல புடிக்கிறேன்” என்றாய். படிக்கட்டு திரும்புகிற இடத்தில் உன் போன் அடித்தது. நீ ஒரு கையை எடுத்து போனைப் பார்த்தாய், ஃபிரிட்ஜ் இறங்கி வந்து என் வலது பாதத்தின்மேல் உட்கார்ந்துகொண்டது. நான் போட்ட சத்தத்தில் மாடியிலிருந்து ஓடிவந்த உன் மனைவி, “ஐயோ, ஃபிரிட்ஜுக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று கேட்டாள். நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, புது ஃபிரிட்ஜ்தானே. உனக்கு வந்த போன் எங்கள் ஜி.எம். செய்தது. எங்கள் கம்பெனியில் கேமரா வைக்கும் வேலையை உன் கம்பெனிக்கே கொடுத்துவிட்டதாகச் சொல்லத்தான் கூப்பிட்டிருந்தார். ‘எங்க மைத்துனர் இதுல பெரிய ஆளு சார்’ என்று அவரிடம் நடையாய் நடந்து சிபாரிசு செய்தது யார் என்று உனக்கு நினைவிருக்கலாம். அப்போது என்னால் நேராக நடக்க முடிந்தது.

எங்கள் பிரிவு எப்படிப்பட்டது என்று நீ பார்த்திருக்கிறாய், இருந்தாலும் பெரிய மனிதர்களுக்கு மறதி அதிகம் என்பதால் மறுபடி சொல்கிறேன். கண்ணில் விடுகிற சொட்டு மருந்தைச் சின்னச் சின்னப் புட்டிகளில் நிரப்புகிற அறை அது. ஒரு தூசி, ஒரு கிருமி உள்ளே போகக் கூடாது. அதனால் உள்ளே போகிற ஒவ்வொருவரும் தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி, தொப்பி, முகமூடி, கண்ணாடி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு, உறை போட்ட தலையணைகளைப் போலத்தான் போவோம். ஆணா பெண்ணா, கிழவனா குமரனா என்று தெரியாது. நாங்களே ஒருவரை ஒருவர் நடையை வைத்துத்தான் கண்டுபிடிப்போம். நெடுங்கால் போட்டு நடக்கிற இயந்திரக்காரனுக்கு நாரை என்று பெயர். மூடி போடுகிற மேசையில் இருக்கிற அம்மா நடந்தால் தரை அதிரும், அவளுக்கு ரயில் என்று பெயர். எனக்கும் ஏதோ ஒரு பெயர் இருக்கும், பிரிவுத் தலைவனான என்னிடம் யார் சொல்லப் போகிறார்கள்.

இந்த இடத்தில் முகத்தைப் பார்த்து ஆளைச் சொல்கிற கேமரா செல்லாது என்று ஜி.எம். கவலைப்பட்டபோது நீ எழுந்து நின்று ஒரு பேச்சுப் பேசினாய் பார், இன்னும் என் காதில் இருக்கிறது. “முகத்தை மறைக்கலாம் சார். கார்டைத் திருடலாம். நடையத் திருட முடியாது. எங்க கேமரா ஒருத்தர் நடக்குறத வச்சே ஆளச் சொல்லிடும். அனுமதி இல்லாதவங்க ஒருத்தர்கூட உள்ள போக முடியாது.” எல்லாரும் கை தட்டினார்கள். எல்லாரையும்விட ஓங்கித் தட்டியது நான். என் மைத்துனன் என்று பக்கத்தில் இருந்தவரிடம் வேறு சொன்னேன், அவர் கேட்காமலேயே.

அதன் பிறகு பிரிவில் இருந்த அத்தனை பேரையும் அந்த நீள நடைபாதையில் முன்னும் பின்னும் நடக்கவிட்டு நடையைப் பதிந்துகொண்டாய். என் முறை வந்தபோது என் பாதம் பூசணிக்காய் அளவுக்கு இருந்தது. “மாப்பிள்ளை, கால் சரியாகட்டுமே, அப்புறம் பதிஞ்சுக்கலாமே” என்று கேட்டேனா இல்லையா? நீ மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்காமலே, “அதெல்லாம் சாஃப்ட்வேர் பாத்துக்கும் அத்தான், நீங்க நடங்க” என்றாய். நான் வலது காலை இழுத்து இழுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். திரையில் பச்சை விளக்கு வந்தது. “சூப்பர் அத்தான், உங்க நடைதான் இருக்கறதுலயே தெளிவா பதிவாயிருக்கு” என்று பாராட்டினாய். அந்தப் பாராட்டைக் கேட்டு நான் சிரித்தேன் என்பதை நினைத்தால் இப்போது எரிச்சலாக வருகிறது.

கால் குணமாகி, கட்டெல்லாம் அவிழ்த்து, காலணி மாட்டிக்கொண்டு நான் நிமிர்ந்து நடந்து போன முதல் நாள் அன்றுதான் அரசு மருந்துத் துறை ஆய்வாளர்கள் சோதனைக்கு வந்திருந்தார்கள். முன்னால் நான், எனக்குப் பின்னால் ஜி.எம்., அவருக்குப் பின்னால் அவர்கள். கதவு திறக்கவில்லை. உன் கருவிக்குள் இருக்கிற அந்தப் பெண் குரல், “அனுமதியில்லாத நபர். தயவுசெய்து விலகி நிற்கவும்” என்றது. நான் ஒரு அடி பின்னால் போய் மறுபடி வந்தேன். “அனுமதியில்லாத நபர்” என்று இன்னும் கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டு ஊளையிட ஆரம்பித்தது. காவலர்கள் ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்கள். முகமூடிக்குள்ளிருந்து “நான்தான்டா” என்று கத்துகிறேன், யாருக்குப் புரிகிறது? அந்தச் சமயத்தில் நாரை என்னைத் தாண்டிப் போனான். “வணக்கம், உள்ளே வரலாம்” என்று கதவு அவனுக்கு வழிவிட்டது. ஆய்வாளர்கள் இதையெல்லாம் ஜி.எம். முன்கூட்டியே ஏற்பாடு செய்த செயல்விளக்கம் என்று நினைத்துக்கொண்டு, “ரொம்ப கண்டிப்பான பாதுகாப்பு, பிரமாதம்” என்று அவருக்குக் கை கொடுத்தார்கள். அவரும் வாங்கிக்கொண்டார். என் கையைக் காவலர்கள் பிடித்திருந்ததால் எனக்கு யாரும் கொடுக்கவில்லை.

அன்று நீ போனை எடுத்தாய், அதையும் சொல்லிவிட வேண்டும். “புது நடையப் பதிவு பண்ணணும் அத்தான், சின்ன வேலதான்” என்றாய். அந்தச் சின்ன வேலை என்னவென்றால், பிரிவுத் தலைவரின் நடையை மாற்ற அனுமதி பிரிவுத் தலைவருக்கு மட்டும்தான் உண்டு. மருந்து நிரப்புகிற அறைக்கு உள்ளே இருக்கிற திரைக்கு முன்னால் நின்றுதான் அவர் அதைச் செய்ய வேண்டும். உள்ளே போக வேண்டுமானால் பழைய நடையில் நடக்க வேண்டும். சரி என்று காலை இழுத்துக்கொண்டு உள்ளே போய், திரைக்கு முன்னால் நின்று, புது நடை என்று நேராக நடந்து காட்டினேன். பழைய நடைக்கும் புது நடைக்கும் பொருத்தம் இல்லை, ஆள்மாறாட்ட முயற்சி என்று சந்தேகப்படுகிறேன் என்று சொல்லி உன் கருவி என்னை உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டது. வெளியே வருவதற்கு மறுபடி நொண்ட வேண்டியிருந்தது. தலைமை அலுவலகத்தில் சொல்லி இதைச் சரிசெய்வதாகவும், “அதுவரைக்கும் கொஞ்சம் நொண்டிக்கங்க அத்தான்” என்றும் சொன்னாய். அதுதான் நீ என்னோடு கடைசியாகப் போனில் பேசியது. அதற்கப்புறம் விரல்தான்.

சரி, மைத்துனன் சொல்லிவிட்டான் என்று நொண்ட ஆரம்பித்தேன். நல்ல காலை வைத்துக்கொண்டு நொண்டுவது எவ்வளவு சிரமம் என்று நல்ல கால் உள்ள உனக்குத் தெரியாது. வலி இருந்தபோது தானாக வந்தது, வலி போனபிறகு யோசித்து யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது. ஒருநாள் ஏதோ யோசனையில் இடது காலை இழுத்துவிட்டேன், மறுபடி ஊளை, மறுபடி காவலர்கள். அதிலிருந்து தினமும் காலையில் வீட்டு நடையில் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். உன் அக்கா அடுப்படி வாசலில் நின்று பார்த்துவிட்டு, “கல்யாணத்துக்கு முன்னாடியே இப்படி நடந்து காட்டியிருந்தீங்கன்னா நானாவது தப்பிச்சிருப்பேன்” என்றாள். இருந்தாலும் உன்னை ஒரு வார்த்தை சொல்ல விடுவதில்லை. “அவனுக்கு எவ்வளவு வேலையோ, பாவம், நேரம் கெடச்சா சரி பண்ண மாட்டானா” என்று எனக்கே சமாதானம் சொன்னாள்.

இப்படி இருக்கும்போது எங்கள் ஹெச்.ஆர். அம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கதவைச் சாத்தச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். ஹெச்.ஆர். தண்ணீர் கொடுத்தால் அடுத்து வருவது நல்ல சேதியாக இருக்காது.

“சார், நீங்க காலைல உள்ள போறப்ப நொண்டுறீங்க. சாயங்காலம் வீட்டுக்குப் போறப்ப நல்லா நடக்குறீங்க. கேன்டீனுக்கு ஓடவே செய்றீங்க. வேலை பாக்குற எடத்துல உங்களுக்கு மனசுக்குள்ள ஏதாவது கஷ்டமா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“கஷ்டம் மனசுல இல்லம்மா, கதவுல” என்றேன்.

அவர் அதைக் குறித்துக்கொண்டார். எனக்கு மனநல ஆலோசனைக்கு ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். நான் நடந்ததை எல்லாம் விளக்கினேன். ஃபிரிட்ஜிலிருந்து ஆரம்பித்தேன். அவர் முகத்தைப் பார்த்தபோது, ஃபிரிட்ஜிலிருந்து ஆரம்பித்திருக்கக் கூடாது என்று தெரிந்தது. டாக்டரிடம் போய்க் கால் நன்றாக இருக்கிறது என்று சான்று வாங்கி வந்தால், அப்படியானால் நொண்டுவது நடிப்பு என்று ஆகும். கால் சரியில்லை என்று வாங்கி வந்தால் சுத்த அறையில் வேலை பார்க்கத் தகுதி இல்லை என்று ஆகும். நான் எந்தச் சான்றும் வாங்கவில்லை. அதையும் குறித்துக்கொண்டார். தொழிற்சங்கத் தலைவர் மட்டும் வழியில் என்னைப் பார்த்து, “நல்லாப் பண்றீங்க சார், விட்டுராதீங்க” என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். எதை விடக் கூடாது என்று சொன்னார் என்று தெரியவில்லை.

இதுவரை சொன்னது என் அவமானம் மட்டும். அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துவிட்டேன். இனிமேல் சொல்லப் போவதைக் கவனமாகப் படி.

எங்கள் பிரிவில் மற்றவர்களுக்கு அவரவர் ஷிப்டு நேரத்தில் மட்டும்தான் கதவு திறக்கும். தாமதமாக வந்தால் திறக்காது, தாமதம் என்றும் பதிவாகிவிடும். பிரிவுத் தலைவனுக்கு மட்டும் எல்லா நேரமும் திறக்கும், ஏன் எதற்கு என்ற கேள்வி கிடையாது. ஒரு நாள் நாரை தாமதமாக வந்திருக்கிறான். கதவு விடவில்லை. நான் தினமும் எப்படிப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டே இருந்தவன், சும்மா ஒரு வேடிக்கைக்கு வலது காலை இழுத்து நடந்திருக்கிறான். “வணக்கம், பிரிவுத் தலைவர் அவர்களே” என்று கதவு திறந்துவிட்டது. அவ்வளவுதான். மறுநாள் ரயில் நொண்டினாள். அதற்கு மறுநாள் துடைப்பக்காரர் நொண்டினார். கொஞ்ச நாளில் பிரிவில் நொண்டத் தெரியாதவர் யாரும் இல்லை. தேநீர் இடைவேளையில் யாருடைய நொண்டல் அசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று போட்டி வைத்தார்கள். பின்னால் நிற்பது நான்தான் என்று தெரியாமல் என்னையும் கலந்துகொள்ளச் சொன்னார்கள். அங்கியும் முகமூடியும் மாட்டியிருந்தேன், அதனால் நடந்து காட்டினேன். “பரவால்ல, இன்னும் கொஞ்சம் பழகணும்” என்று நாரை சொன்னான்.

நடையைத் திருட முடியாது என்றாயே மாப்பிள்ளை, என் நடையை எல்லாரும் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உன் கருவியின் கணக்குப்படி ஒரே நேரத்தில் அறைக்குள் நான் மூன்று பேராக நின்று வேலை பார்த்திருக்கிறேன். வெளியே வராமலேயே திரும்பத் திரும்ப உள்ளே போயிருக்கிறேன். அனுமதியில்லாத எல்லாரும் போய் வருகிற அந்தக் கதவு, அனுமதியுள்ள ஒரே ஆளை மட்டும்தான் நேராக நடந்தால் விடமாட்டேன் என்கிறது. இதை உனக்கு விவரமாக எழுதி அனுப்பினேன். விரல் வந்தது. ஜி.எம்.மிடம் போய்ச் சொன்னேன். நிரூபித்துக் காட்டுங்கள் என்றார். நாரையைக் கூட்டிக்கொண்டு போய்க் கதவுக்கு முன்னால் நிறுத்தி, “என்னை மாதிரி நடந்து காட்டுப்பா” என்றேன். அவன் ஜி.எம்.மைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பச்சைக் குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, “எனக்கு நடிக்கல்லாம் வராது சார்” என்று சொல்லிவிட்டுத் தன் நெடுங்காலால் நடந்து போய்விட்டான். ஜி.எம். என்னைப் பார்த்த பார்வையில் ஹெச்.ஆர். அம்மாவின் குறிப்பை அவரும் படித்துவிட்டார் என்று புரிந்தது.

போன மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று அறையைக் கழுவி, கிருமிநாசினிப் புகை போட்டு, மூடி வைத்திருந்தோம். மறுநாள் காலை வரை ஒருவரும் உள்ளே போகக் கூடாது. மாலையில் யாரோ போயிருக்கிறார்கள். மூக்குக்கண்ணாடியை மறந்து வைத்தவரோ, போனை மறந்து வைத்தவரோ, யாரென்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. கைகூடக் கழுவாமல் போயிருக்கிறார்கள். திங்கட்கிழமை நிரப்பிய மருந்தைச் சோதித்துப் பார்த்தால் கிருமி. அத்தனை புட்டியையும் அழிக்கச் சொல்லிவிட்டார்கள். நல்ல வேளையாக ஒரு சொட்டும் வெளியே போகவில்லை, யார் கண்ணும் கெடவில்லை. அதை நினைத்து எனக்குத் தூக்கம் வராத நாட்கள் உண்டு, அது உனக்குப் புரியாது. யார் உள்ளே போனது என்று உன் கருவியைக் கேட்டார்கள். கால் இழுத்து நடந்த ஒரு வெள்ளை அங்கியைத் திரையில் காட்டி, “பிரிவுத் தலைவர்” என்று அது சொன்னது. சந்தேகத்துக்கே இடமில்லையாம். இருப்பதிலேயே தெளிவாகப் பதிவான நடையாயிற்றே.

வேலையை விட்டு நீக்குவதற்கான விசாரணை என்று எனக்குக் கடிதம் வந்திருக்கிறது. ஓய்வு பெறப் போகிற நேரத்தில், மாலை போட்டு அனுப்ப வேண்டியவனைக் கழுத்தைப் பிடித்து அனுப்பப் போகிறார்கள். பணம் கிடக்கட்டும். கண் மருந்தைக் கெடுத்தவன் என்ற பெயரோடு நான் எந்தத் தெருவில் நடப்பேன்? நேராக நடந்தால்தான் என்ன, நொண்டினால்தான் என்ன?

இப்போது உன்னிடம் கேட்க வந்ததைக் கேட்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை உன் பையனின் பிறந்தநாள். வெளியாட்கள் வேண்டாம் என்று எங்களை மட்டும்தான் கூப்பிட்டிருந்தாய். நானும் உன் அக்காவும் வெயில் தாழ்வதற்கு முன்பே வந்தோம். இருந்த பலூன் எல்லாவற்றையும் நான்தான் ஊதினேன், ஊதிவிட்டு உன் சோபாவில் சாய்ந்து கிடந்தேன். நீ என்னைப் பார்த்து, “கால் நல்லாயிருச்சு போல அத்தான், ஜம்முனு நடக்குறீங்க” என்றுகூடச் சொன்னாய். கருவி என்னை அறைக்குள் பார்த்ததாகச் சொல்கிற அதே நேரத்தில் உன் கையால் நீ எனக்குக் கேக் கொடுத்துக்கொண்டிருந்தாய். போட்டோ இருக்குமே என்று தேடிப் பார்த்தேன். உன் மனைவி எடுத்த படங்களில் எல்லாம் நான் பலூன்களுக்குப் பின்னால் இருக்கிறேன். ஒன்றில் மட்டும் முழங்கை தெரிகிறது. முழங்கையை வைத்து ஆளைச் சொல்கிற கேமராவை உன் கம்பெனி இன்னும் கண்டுபிடிக்கவில்லை. உன் அக்கா சொல்கிறாள் என்றேன். “வீட்டம்மா சொல்றத எப்படி சார் எடுத்துக்கறது, அவங்க உங்களுக்குத்தானே பேசுவாங்க” என்று விசாரணை அதிகாரி சிரித்தார். உன் மனைவி உன்னைக் கேட்காமல் சாட்சி சொல்ல மாட்டாள், பையன் குழந்தை. ஆக, என்னைப் பார்த்தவன் என்று சொல்ல இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது நீ ஒருவன்தான். கருவியை விற்றவனே சொன்னால் அவர்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நீ ஏற்கெனவே அவர்களுக்கு அறிக்கை கொடுத்துவிட்டாய் என்றும், கருவி தவறு செய்ய வாய்ப்பே இல்லை என்று அதில் சொல்லியிருக்கிறாய் என்றும் கேள்விப்பட்டேன். அது கம்பெனிக்காக எழுதியது, அதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. உனக்குப் பதவி உயர்வு வரப்போகிறது, இதே கேமராவை வேறு பெரிய பெரிய இடங்களில் விற்கப் போகிறாய், இந்த நேரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தால் உனக்குக் கஷ்டம் என்று எனக்கும் தெரிகிறது. கருவியைத் திட்டி எழுத வேண்டாம். ஃபிரிட்ஜைப் பற்றியும் எழுத வேண்டாம். ‘அன்று மாலை என் அத்தான் என் வீட்டில் இருந்தார்’ என்று ஒரே ஒரு வரி எழுதிக் கொடு. அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை வரி எழுதியிருக்கிறேன். கோபத்தில் ஏதாவது அதிகமாக எழுதியிருந்தால் மனதில் வைத்துக்கொள்ளாதே. உன்னிடம் கெஞ்சுவது எனக்குப் பழக்கம் இல்லை, அதனால்தான் அது திட்டுவதுபோல வந்துவிடுகிறது.

இனி வருவது உன் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுவது. நேரத்துக்குச் சாப்பிட வேண்டுமாம். ராத்திரியில் திரையைப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளக் கூடாதாம். அவளுடைய தம்பி எந்தக் குறையும் இல்லாமல் நூறு வயது வாழ வேண்டுமாம், எடுத்த காரியம் எல்லாம் கைகூட வேண்டுமாம். தம்பி மனைவிக்கு அவள் அன்பு. குட்டிப் பயலுக்கு எங்கள் இரண்டு பேருடைய முத்தங்களும். “அவன் கட்டாயம் எழுதிக் குடுப்பான், நீங்க வேணா பாருங்க” என்பதையும் எழுதச் சொல்கிறாள், எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் கருவி ஒப்புக்கொண்டாலும் ஒப்புக்கொள்ளாவிட்டாலும்
உன் அத்தான்.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் போகிற நேரத்தில் விசாரணை அதிகாரி போன் செய்தார். நான் உன் பெயரைச் சொல்லியிருந்ததால் அவரே உன்னைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டாராம். அவருடைய போனை எடுத்திருக்கிறாய். நீ சொன்னதை அப்படியே எனக்குச் சொன்னார். “எங்க வீட்டு வாசல்லயும் எங்க கேமராதான் சார் இருக்கு. அக்கா நடை, உங்க கம்பெனில பதிஞ்ச அத்தான் நடை ரெண்டையும் அதுல ஏத்தியிருக்கேன், அது முகத்தப் பாக்காது. அன்னைக்கு சாயங்காலம் எங்க அக்கா வந்தது அதுல பதிவாகியிருக்கு. அத்தான் வந்ததா பதிவு இல்ல. அக்காகூட அடையாளம் தெரியாத ஆம்பள ஒருத்தர் வந்திருக்கார்னுதான் காட்டுது. பதிவுல இல்லாதத நான் எப்படி சார் சொல்றது?”

விடுமுறை நாளில், சொந்த மைத்துனன் வீட்டுக்கும் நொண்டிக்கொண்டுதான் வர வேண்டும் என்று எனக்குத் தோன்றாமல் போய்விட்டது.

உன் அக்கா நம்பவில்லை. போனை என் கையிலிருந்து வாங்கி, அந்த அதிகாரியை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். போனை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். “அக்கா முன்னபின்ன தெரியாத ஆம்பளயோட வீட்டுக்குள்ள வந்து நிக்கிறா. இது யாருன்னு ஒரு வார்த்தை கேக்கல. கேக் வெட்டிக் குடுத்து, சோறும் போட்டு, வாசல் வரைக்கும் வந்து அனுப்பி வச்சிருக்கான்” என்றாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

ஆகையால் மேலே கேட்ட அந்த ஒரு வரி வேண்டாம். மேலே உள்ள ஆசீர்வாதங்களை அடித்துவிடச் சொன்னாள், அடித்திருக்கிறேன். பையனுக்குக் கொடுத்த முத்தங்களை மட்டும் அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

விசாரணைக்குக் கருவியின் சார்பில் நீ நேரில் வருகிறாய் என்று அதிகாரி சொன்னார். உன் அக்காவும் வருகிறாள். யார் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் வருவாளாம். உன்னைக் காட்டி, இவர் உங்களுக்கு யார் என்று கேட்டால், அடையாளம் தெரியவில்லை என்று சொல்லப் போகிறாளாம். அப்படியெல்லாம் சொல்லாதே, உன் தம்பிதானே என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கிற மாதிரி இல்லை.